எதிரில் உட்காராதவர்கள்

இந்த வருடம் நம் வீட்டிலிருந்து மூன்று பேர் தொழிலுக்கு வருகிறீர்கள்: என் மகள், அண்ணன் மகன், தங்கை மகன். மேஸ்திரியாக இருந்த அப்பா தாம்பரம் பக்கம் வீடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். 1984இல் நான் அவரோடு சேர்ந்தேன். இன்று அடுக்குமாடி கட்டுகிறோம். நிலம் விற்க வருபவர், வீடு வாங்க வருபவர் என்று மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரை யாரும் கவனித்துவிடுவார்கள். அங்கே வந்து உட்காராத ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவரைத் தேடிப் பார்க்கப் பழகுங்கள் என்பதற்காகவே இதை எழுதித் தருகிறேன்.

1. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, நிலம் கைமாறிய வரிசையை விடாமல் படியுங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள். பதிவான ஆவணம்தான் அதில் வரும். பதியாத உயிலும், வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்ட பாகமும் அதில் தெரியாது. பூர்வீகச் சொத்து என்றால் வாரிசுகள் எத்தனை பேர் என்று எழுதி வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் ஆள் எங்கே என்று கேளுங்கள். முக்கியமாக, கட்டிக்கொடுத்த பெண்களை.

1996இல் மூன்று அண்ணன் தம்பிகளிடம் நாங்கள் 40 சென்ட் வாங்கினோம். "தங்கச்சிக்கு சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவளுக்கு இதுல ஒண்ணும் இல்ல" என்றார் மூத்தவர். அப்பாவும் நானும் அதோடு விட்டுவிட்டோம். வானம் தோண்டி முடித்த மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமான பங்கு கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது 1991இல். தோண்டிய குழியில் நான்கு மழைக்காலம் தண்ணீர் நின்றது. கடைசியில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் அவர் வீட்டுக்குப் போனார். இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்த அந்த அம்மா, மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன்." உரிய பங்கைக் கொடுத்தோம், கையெழுத்துப் போட்டார். 2005இல் மத்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு, 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.

2. தண்ணீரும் வாரிசுதான். 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்னவென்று இருக்கிறது, புலப்படத்தில் வாய்க்கால் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள். பழவந்தாங்கல் என்றால் தாங்கல் இருந்த இடம், தாங்கல் என்றால் சிறிய ஏரி. பத்திரம் பேசி முடிப்பதற்குள் ஒரு பெருமழை பெய்தால் அன்றைக்கே போய் நில்லுங்கள். பக்கத்தில் மாடு வைத்திருக்கும் பாட்டியிடம் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்தக் கை உங்கள் இடுப்புக்கு மேலே இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

3. முதல் ஆறு மாதம் உங்களுக்கு ஆபீசில் நாற்காலி கிடையாது. காலை ஏழு மணிக்கு சைட். கான்கிரீட் போடும் நாளில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அது இல்லாமல் கம்பி நேராகத் தகட்டில் படுத்திருந்தால், சென்ட்ரிங் பிரித்துப் பூசிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஏழெட்டு வருடம் கழித்துத் துரு ஏறி, கம்பி உப்பி, கூரைப் பூச்சு பெயர்ந்து யாரோ ஒருவர் சாப்பாட்டுத் தட்டில் விழும். ரெடிமிக்ஸ் லாரி வந்ததும், கலவை இறுகலாக இருக்கிறது என்று ஒருவர் ஹோஸைத் திருப்புவார். விடாதீர்கள், அந்தத் தண்ணீர் கான்கிரீட்டின் பலத்தைக் குறைத்துவிடும். கியூப் எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும் காகிதத்தில் நீங்களே தேதியோடு கையெழுத்துப் போடுங்கள்.

2014 ஜூன் 28 மாலை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்திருந்த தொழிலாளிகள், ஆந்திராக்காரர்கள் நிறைய. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. நம்முடைய ஒவ்வொரு கட்டடத்தின் கியூப் ரிப்போர்ட்டையும் எடுத்து வைத்துப் படித்தேன். சைட்டில் வேலை செய்கிற ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள். நலவாரியத்தில் பதிவு செய்யச் சொல்லி அலைந்து செய்துகொடுங்கள். பெல்ட் போடாமல் சாரத்தில் ஏறினால் வேலையை நிறுத்துங்கள்.

4. வாங்குகிறவர் பணம் நம் பணம் இல்லை. இதில் நான் தவறியிருக்கிறேன். 2008இல் ஒரு சைட்டுக்கு வந்த தொகையை எடுத்து அடுத்த நிலத்துக்கு முன்பணம் கொடுத்தேன். வருடக் கடைசியில் புக்கிங் நின்றுபோனது. கட்டடம் மூன்றாவது மாடியோடு பதினான்கு மாதம் நின்றது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் மாதம் ஒருமுறை வந்து, எதுவும் கேட்காமல், கேட்டுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். வங்கித் தவணையும் வாடகையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த மாதங்களின் வாடகையை அவருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தேன். அவர் பார்வைக்கு என்ன கொடுப்பது?

அப்பா ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சிவப்பு நோட்டு வைத்திருந்தார். ஒரு நோட்டின் பணம் இன்னொன்றுக்குப் போகாது. 2016இல் வந்த ரெரா சட்டமும் இதையேதான் சொல்கிறது: வாங்குகிறவரிடம் பெறுவதில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கலாம், அதுவும் இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்று கொடுத்த பிறகு. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இதை இடைஞ்சல் என்று பேசுகிறவர்களோடு கூட்டு வேண்டாம்.

5. நோட்டீசில் "ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம்" என்று போடுவதற்கு முன், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து பாருங்கள்.

6. புரோக்கருக்குப் பேசிய கமிஷனைப் பதிவு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

7. சாவி கொடுத்த பிறகும் போங்கள். கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் நாம்தான் பொறுப்பு என்கிறது சட்டம். முதல் மழைக்கு மறுநாள், கூப்பிடாமலே போய் மொட்டை மாடியையும் பாத்ரூம் கீழ்ச்சுவரையும் பாருங்கள்.

8. வீட்டுச் செலவுக்குக் கம்பெனி செக்கைத் தொடாதீர்கள். மூன்று பேருக்கும் சம்பளம் உண்டு, அதற்குள் வாழுங்கள். சண்டை வரும், வரட்டும். இன்ஜினீயர் முன்னால் வேண்டாம், ராத்திரி வீட்டில் பேசுங்கள்.

கடைசியாக, உங்களிடம் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. ஊரார் வீட்டுத் தங்கைகளின் கையெழுத்துக்காக அலைந்த நானும் அண்ணனும், நம் கூட்டு ஒப்பந்தத்தில் எங்கள் தங்கையின் பெயரை 2006 வரை சேர்க்கவில்லை. அப்பாவுக்குக் கணக்கு எழுதியதே அவள்தான். அந்தச் சிவப்பு நோட்டுகளில் இருப்பது அவள் கையெழுத்து. சேர்த்த அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை, பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள். அவள் மகன் இப்போது உங்களோடு சமபங்காளியாக வருகிறான். என் மகளும் அப்படித்தான்.

திங்கட்கிழமை சேலையூர் சைட்டில் நான்காவது மாடிக்கு ரூஃப் கான்கிரீட். முதல் லாரி ஆறரைக்கு வருகிறது. கவர் பிளாக் பார்க்க வேண்டும், ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.