வள்ளூர்க் காற்றுக்கு நிற்கிற ஸ்டாண்ட்

புதிதாக வீடியோ எடுக்க வந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு:

கேமரா வாங்க மாதக்கணக்கில் விசாரிக்கிறீர்கள். ஸ்டாண்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். சென்னைக்கு வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு, வள்ளூர் பக்கம் அது செல்லாது. கடல்காற்று, கன்டெய்னர் லாரி, அனல்மின் நிலையச் சாம்பல், உப்பு நாலும் முதலில் ஸ்டாண்டைத்தான் பிடிக்கும்.

1. பெட்டியில் ‘10 கிலோ தாங்கும்’ என்று ஒட்டியிருந்தால், பத்து கிலோ வைத்தாலும் உடையாது என்றுதான் அர்த்தம். ஆடாது என்று யாரும் எழுதித் தருவதில்லை. உங்கள் கேமராவை எடை போட்டுப் பாருங்கள். சோனி எஃப்எக்ஸ்3 பாடி பேட்டரியோடு 715 கிராம்தான். 70-200 லென்ஸ், மைக், மானிட்டர், கூண்டு எல்லாம் மாட்டினால் இரண்டரை கிலோவை நெருங்கும். அந்த எடையைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேமராவும் கூடவே வர வேண்டும்.

2. கடையிலேயே மாட்டி, ஜூமை முழுக்க இழுத்து, தெருவில் தூரத்து போர்டு ஒன்றைப் பிடியுங்கள். ஸ்டாண்டின் தோள்பட்டையை இரண்டு கையாலும் லேசாகத் திருகுங்கள். கால்கள் முறுக்கிக்கொண்டு திரும்பினால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்து மெதுவாக பான் செய்து நிறுத்தி, கைப்பிடியை விடுங்கள். ஃப்ரேம் ஒரு விரல் அளவு பின்னால் வந்தால், அந்த ஹெட் எத்தனை மலிவானாலும் வேண்டாம். எடிட்டில் அதைச் சரிசெய்ய முடியாது.

3. ‘ஃப்ளூயிட் ஹெட்’ என்று எழுதியதெல்லாம் ஃப்ளூயிட் ஹெட் அல்ல. 1940களில் ஆஸ்திரேலியாவில் மில்லர் கொண்டுவந்த ஏற்பாட்டில், உள்ளே இருக்கும் கெட்டியான திரவம்தான் அசைவை இழுத்துப் பிடிக்கும். மலிவான ஹெட்டில் பல நேரம் கிரீஸும் உராய்வும்தான் இருக்கும். பான் தொடங்கும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு குதி குதித்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

4. கேமராவின் கனத்தை ஸ்பிரிங்கால் ஈடுகட்டும் கவுன்டர்பேலன்ஸைப் பலர் கேட்பதே இல்லை. அசைவை இழுத்துப் பிடிக்கும் டிராகை பூஜ்யத்தில் வைத்து, பிளேட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கேமரா நேராக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு 30 டிகிரி சாய்த்துக் கையை எடுங்கள். மூக்கு கீழே விழுந்தால் ஸ்பிரிங் போதவில்லை. தானாக நிமிர்ந்தால் அதிகம். பெரிய ஹெட்டாக வாங்கினால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இதில்தான் அடி. சின்ன கேமராவை அது நிமிர்த்திக்கொண்டே இருக்கும்.

5. ஹெட்டுக்கு அடியில் 75 மி.மீ. கிண்ணம் இருக்கும் கால்களாகப் பாருங்கள். கீழே உள்ள குமிழைத் தளர்த்திக் குமிழி மட்டத்தை ஒரு நொடியில் சரிசெய்யலாம். மேடுபள்ளத்தில் ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் முகூர்த்தம் முடிந்துவிடும். நடுத்தண்டு இருந்தால் அதைத் தூக்காதீர்கள். உயரம் வேண்டுமென்றால் கால்களின் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள்.

6. காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எம்9000 மாதிரி பழைய தோள் கேமராக்கள் தங்கள் கனத்திலேயே நின்றன. இப்போதைய கேமராவுக்கு அந்தக் கனம் கிடையாது, மதியம் ஏறும் கடல்காற்றில் லென்ஸ் ஹுட் பாய்மரமாகிவிடும். கடற்கரையில் ஹுட்டைக் கழற்றுங்கள், கால்களை அகட்டிப் பதியுங்கள், கனமான பை ஒன்றைத் தரையைத் தொடும்படி கட்டுங்கள். தொங்கவிட்டால் அதுவே ஆடும். லாரி போகும் சாலையோரத்தில் தார் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி நில்லுங்கள். கல்யாண மண்டபத்தில் மேடைப் பலகையில் ஒரு காலும் தரையில் இரண்டு காலுமாக ஊன்றவே கூடாது.

வெயில் நேரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியை தூரத்திலிருந்து ஜூமில் பிடித்தால் விளிம்பு நெளியும். அது ஸ்டாண்டின் குற்றமல்ல. சூட்டில் காற்று அலைவதால் வரும் நெளிவு. ஃப்ரேமில் இங்கொரு இடம் அங்கொரு இடமாக அசையும். ஸ்டாண்ட் ஆடினால் முழுப் படமும் ஒன்றாக ஆடும். இது தெரியாமல் நல்ல ஸ்டாண்டை விற்கிறவர்கள் உண்டு. காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

7. அலுமினியமா, கார்பனா? தனியாளாக ரயிலில் தூக்கிக்கொண்டு அலைபவருக்குக் கார்பன். மற்றவர்களுக்கு அலுமினியமே போதும், மிச்சப் பணத்தை ஹெட்டில் போடுங்கள்.

8. முகத்துவாரத்தில் நின்று எடுத்த அன்றிரவே கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு மடக்கி உறையில் போட்டால் உப்பு லாக்கைத் தின்றுவிடும். சாம்பல் மாவு போல நுழையும், எண்ணெய் விட்டால் அங்கேயே ஒட்டி அரைக்கும். எண்ணெய் வேண்டாம், பிரஷ் போதும். ஹெட்டைக் கழுவாதீர்கள், துடைத்தால் போதும்.

9. துறைமுகம், மின் நிலையம் பக்கம் ஸ்டாண்டை விரித்தால் செக்யூரிட்டி வந்துவிடுவார். அனுமதிக் கடிதம் இல்லாமல் விரிக்காதீர்கள்.

10. வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் கிடைக்கும். காசிமேட்டுக் கடலோரத்துக்குக் காற்று ஏறும் நேரமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.