ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

வளைகுடாவிலிருந்து வாப்பா போனில் அழைக்கிறார். "ஸ்கூல்ல படிச்சத இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்" என்கிறார். பிள்ளை வாய் திறப்பதில்லை. "இவ்வளவு பணம் கட்டியும் ஒண்ணும் வரலியே" என்று வருத்தப்படுகிறார். அடுத்த முறை போன் மணி கேட்டதும் பிள்ளை வேறு அறைக்குப் போய்விடுகிறது. நம் வீடுகள் பலவற்றில் நடப்பதுதான் இது.

பேசாத பிள்ளை படிக்காத பிள்ளை அல்ல. புது மொழி கற்கும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பேச்சு பிறகு வரும். ஆங்கிலம் பேசும் நாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்குக்கூட சாதாரணப் பேச்சு வர சுமார் 2 ஆண்டும், பாடத்தில் மற்றவர்களுக்கு ஈடாக வர 5 ஆண்டோ அதற்கு மேலோ ஆகும் என்று கனடா நாட்டு ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் வளரும் பிள்ளைக்கு நாம் அவகாசம் கொடுக்க வேண்டாமா?

வீட்டில் தமிழை நிறுத்தினால் ஆங்கிலம் வரும் என்று சிலர் நினைக்கிறோம். அது சரியல்ல. தண்ணீர் எப்படி ஆவியாகிறது என்பதைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் புதிய சொல் மட்டும்தான் பாரம். பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்பது நம் ஊருக்குப் புதிதுமல்ல. 1874-ல் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், அன்றைய திருவிதாங்கூர் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தனியே ஆசிரியரிடம் கற்றார். 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார்.

மதரஸாவும் இதில் உதவும். ‘பழம்’ என்பதன் முதல் ஒலிக்கும் ‘கம்பம்’ என்பதன் நடு ஒலிக்கும் தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்து. கம்பத்தின் அந்த ஒலியைப் பிள்ளை அரபியின் ‘பா’வில் ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஆங்கில எஃப், இசட் ஒலிகளும் அரபியில் உண்டு. அதை நினைவூட்டுங்கள். ஆனால் சரளமாக ஓதுவது வேறு, பொருள் விளங்குவது வேறு என்பதும் நமக்குத் தெரியும். ஆங்கில வாசிப்பும் அப்படித்தான்.

ஆகவே, ஆங்கிலம் தெரியாத உம்மாவும் செய்யக்கூடியவை:

1. தினமும் 10 நிமிடம் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு, "இதுல என்ன சொல்லியிருக்கு மக்களே?" என்று தமிழில் கேளுங்கள். சொல்லத் தெரியாத இடத்தைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

2. பேசும்போது இடையில் மறித்துத் திருத்த வேண்டாம். முடித்த பிறகு, தெரிந்தவர்கள் சரியான வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினால் போதும். பிறர் முன்னிலையில் கேலி வேண்டவே வேண்டாம்.

3. ஆசிரியரைப் பார்க்கும்போது மார்க்கை மட்டும் கேட்காமல், குறித்து வைத்த இடங்களைக் காட்டுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் பேசலாம்.

வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை, "இன்னைக்கு என்ன படிச்சே மக்களே? தமிழ்லயே சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளை போனுக்கு ஓடி வரும். ஆங்கிலமும் பின்னாலேயே வரும், இன்ஷா அல்லாஹ்.