வாளைத் தீட்டக் கொடுக்கமுதல் கழுவிப் பாருங்கள்

உடுவில், சுன்னாகம், மருதனார்மடம் பக்கத்துத் தச்சுப்பட்டறைகளில் மேசைவாள் சீராக அரியவில்லையென்றால், "பல்லு மழுங்கிப்போச்சு" என்றுதான் முதலில் சொல்வார்கள். அந்த முடிவுக்கு வரமுதல் வாளைக் கழற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வேலை எனக்குத் தந்த பாடம். வேம்பையும் பலாவையும் ஈரம் காயமுன் அரிந்தால், அவற்றின் பிசின் பல்லின் பக்கங்களில் கபில நிறத்தில் இறுகிவிடும். கார்பைட் பல்லு தகட்டைவிடச் சற்று அகலமானது. அந்தச் சிறு இடைவெளியால்தான் தகடு மரத்தில் உரசாமல் ஓடுகிறது. பிசின் அதை அடைத்துவிட்டால் வாள் சூடேறும், வெட்டுமுகம் கருகும். மரத்தை இன்னும் பலமாகத் தள்ளத் தோன்றும். வாள் மரத்தைக் கவ்விப் பின்னோக்கி எறிகிற ஆபத்து அப்படித்தான் கூடுகிறது.

கழுவுவது சிரமமான வேலையில்லை. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்; சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. வாளை அகன்ற தட்டமொன்றில் வைத்து, சவர்க்காரம் கரைத்த இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிறஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, உடனே ஈரம் போகத் துடையுங்கள். பிறகு பல்லின் நுனியை வெளிச்சத்தில் பிடியுங்கள். கூரான நுனியில் ஒளி தங்காது. மழுங்கியதில் மெல்லிய வெள்ளைக் கோடு மினுங்கும். பனைமரத்தின் கறுத்த வைரநார் பல்லை உண்மையாகவே மழுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கோடு தெரிந்தால் தீட்டத்தான் வேண்டும். வாளைத் திரும்பப் பூட்டும்போது அச்சையும் வொஷரையும் துடையுங்கள். அங்கே சிக்கும் சிறு தூளும் வாளை ஆடவைத்து, வெட்டின் அகலத்தைக் கூட்டும்.

மேசைக்கு எண்ணெய் பூசினால் போதுமே என்பார்கள். எங்கள் குடாநாட்டில் துரு பெரிய தொல்லைதான்: உப்புக்காற்று எட்டாத ஊரில்லை, மாரியில் வார்ப்பிரும்பு மேசை ஓரிரவிலேயே செம்மை தட்டும். ஆனால் எண்ணெயில் மரத்தூளும் சோளகத்தில் பறக்கும் செம்மண் தூசியும் ஒட்டிச் சேறாகும். வாளை உயர்த்தி இறக்கும் பற்சக்கரங்களில் அந்தச் சேறு இறுகினால் கைபிடி சுற்ற மறுக்கும். அதனால் மேசைக்கும் பற்சக்கரங்களுக்கும் மெழுகே நல்லது. மெழுகைத் தேய்த்து, உலர்ந்த துணியால் மினுக்கினால் ஈரமும் ஒட்டாது, மரமும் வழுக்கிச் செல்லும். சிலிக்கன் கலந்த பொலிஷ் வேண்டாம். அது மரத்தில் பட்ட இடத்தில் வார்னிஷ் சீராகப் படியாது.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஓடர் முடித்துக் கொடுத்தால்தான் கூலி. ஆனால் கருகிய வெட்டுமுகத்தைச் சீவி எடுக்கவும், கோணிய பலகையைத் திரும்ப அரியவும் அதைவிடக் கூடுதல் நேரம் போகிறது. மேசைவாளின் அடிப்பெட்டிக்குள் தூள் நிறைந்தால் மோட்டருக்குக் காற்று போகாது, தீப்பிடிக்கவும் இடமுண்டு. அந்தத் தூளை ஊதித் தள்ளாமல் உறிஞ்சி எடுங்கள், முகமூடி போடுங்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. எனவே சுத்தம் செய்வதை வேலை முடிந்தபின் மிஞ்சும் நேரத்துக்குத் தள்ளாமல், அதற்கான கூலியையும் ஓடரின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள்.