அட்டவணையில் ஏறாத பத்து ஆண்டுகள்

அன்புள்ள இளம் பயிற்சியாளருக்கு,

கால்பந்து அணியைக் கொடுத்த கையோடு உடற்கல்வி வகுப்புகளையும் தலையில் கட்டிவிடுகிறார்களே என்ற சலிப்பு உங்கள் துறையில் பழையது. வகுப்பு வேறு, அணி வேறு என்று பிரித்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்த ஜெரி யீக்லியை எடுத்துக்கொள்வோம். 544 வெற்றி, 101 தோல்வி, 45 சமன், ஆறு தேசியப் பட்டங்கள்: இது அவர் பேரில் உள்ள கணக்கு. இந்தக் கணக்கு 1973-ல்தான் தொடங்குகிறது. அவர் புளூமிங்டன் நகருக்கு வந்ததோ 1963-ல், உடற்கல்வி கற்பிக்க. இடையில் பத்து ஆண்டுகள் அங்கே கால்பந்து என்பது மாணவர்களின் கிளப் ஆட்டம், அவ்வளவுதான். அது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி அல்ல. மைதானத்துக்கு வந்து நிற்பவர்களைக் கொண்டே அணியைத் தேற்றியாக வேண்டும்.

அப்படித் தேற்றுகிறவருக்குக் கண் திறக்கும். கெட்டிக்கார ஆட்டக்காரன் தன் பிழையைத் திறமையால் மூடிவிடுவான். பந்தை இன்றுதான் தொடுகிற மாணவனுக்கு மூடத் தெரியாது. அவன் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தால், உதைத்த காலை விட்டுவிட்டு ஊன்றிய காலைப் பாருங்கள். பெரும்பாலும் அது பந்துக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும், உடம்பும் பின்னால் சாய்ந்திருக்கும். ஊன்று காலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, உதைக்கும் காலின் முட்டி பந்துக்கு மேலே வரும்படி அடிக்கச் சொன்னால் பந்து தாழ்ந்து போகும். நாற்பது பேர் வகுப்பில் இதை ஓயாமல் பார்த்துப் பழகியவர், பெரிய ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் களைத்துப்போன முன்கள வீரனிடம் அதே பிழை தலைகாட்டும்போது உடனே பிடித்துவிடுவார். வகுப்பு நேரத்தைத் தின்னுகிறது என்பது மெய்தான். தின்ற நேரத்துக்கு இதுதான் கூலி. விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் நிற்பவருக்கு அந்தக் கூலியும் கிடையாது.

பேர் வாங்கிய அணிக்கு நல்ல ஆட்டக்காரர்கள் தேடி வருவார்கள், இதில் கற்பித்தல் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பாதி சரி. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெர்மன் விருதை 1978-ல் ஆஞ்செலோ டிபெர்னார்டோவும் 1981-ல் ஹொண்டுராஸைச் சேர்ந்த அர்மாண்டோ பெட்டன்கோர்ட்டும் பெற்றார்கள். இருவரும் யீக்லியின் ஆட்கள். ஆனால் 1976, 1978, 1980 ஆகிய மூன்று இறுதியாட்டங்களிலும் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திடம் இண்டியானா தோற்றது. முதல் பட்டம் வந்தது 1982-ல், இந்த இருவரும் போன பிறகு. டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான அந்த ஆட்டம் எட்டுக் கூடுதல் நேரப் பகுதிகள்வரை இழுத்து 2-1 என்று முடிந்தது. இரண்டு கோலையும் போட்டவர் தடுப்பாட்டக்காரர் கிரெக் தாம்சன்! நட்சத்திரங்களை மட்டும் நம்பியிருந்தால் அந்த அணி 1981-க்குப் பிறகு சரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் வரும். இன்று அமெரிக்க மாணவர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி எளிதாக மாறுகிறார்கள், தொழில்முறை கிளப்புகள் சிறுவயதிலேயே கொத்திக்கொண்டு போகின்றன. யீக்லியின் காலம் முடிந்துவிட்டதே? முடிந்துதான் விட்டது. ஆனால் கல்லூரி அணி எந்தக் காலத்தில் நிலைத்திருந்தது? அவருக்கும் ஒருவன் நான்கு சீசன்தான். தேறி வரும்போது பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவான், அடுத்த ஆகஸ்டில் புது முகங்கள். வாங்கிச் சேர்த்த அணியை இப்படி ஆண்டுதோறும் கலைத்துக் கட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தாக வேண்டும். நான்கு ஆண்டு ஒன்றாகச் சுருங்கினால் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் அவசரம் கூடுகிறது.

ஓய்வை முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஆடிய 2003 சீசனின் கடைசி ஆட்டத்தில் செயின்ட் ஜான்ஸ் அணியை 2-1 என்று வென்று ஆறாவது பட்டத்தோடு அவர் விடைபெற்றார். பத்திரிகைகளுக்கு அது நல்ல தீனி. எனக்கோ அடுத்த ஆண்டுதான் சான்று: அணி அவருடைய உதவியாளர் மைக் ஃப்ரெய்டாகின் கைக்குப் போனது, 2004 பட்டமும் புளூமிங்டனுக்கே வந்தது. யீக்லியிடம் ஆடிய கேலப் போர்ட்டர் 2010-ல் ஆக்ரன் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். மகன் டாட் யீக்லி 2012-ல் இண்டியானாவுக்கு. அந்த 544-ல் இவற்றில் ஒன்றுகூடச் சேராது.