மின்சூளைக்கு எந்தக் கம்பி?

விருத்தாசலத்தில் அகல், பொம்மை, பியூஸ் கேரியர் சுடுபவர்கள் சிறிய மின்சூளை வைத்திருந்தால், காயில் கம்பியை விலை பார்த்து மட்டும் வாங்காதீர்கள். எவ்வளவு சூட்டில் சுடுகிறீர்கள் என்பதே முதல் கேள்வி.

மண் பொம்மைக்கு 1000 டிகிரிக்குள் போதும், நைக்ரோம் கம்பி தாங்கும். சூடுபட்ட பிறகும் வளையும் என்பதால் பழுது பார்ப்பதும் எளிது. பீங்கானுக்கு 1200 டிகிரியைத் தாண்ட வேண்டுமென்றால் நைக்ரோம் வேண்டவே வேண்டாம். சூளைக்குள் இருக்கும் சூட்டைவிடக் கம்பியின் சூடு எப்போதும் அதிகம். அங்கே காந்தல் ஏ-1 தான் சரி. அந்தக் கம்பி 1400 டிகிரி வரை தாங்கும்.

ஆனால் காந்தல் ஒருமுறை சூடேறினால் குளிர்ந்தபின் நொறுங்கும். சூளைச் சுவரின் பள்ளத்திலிருந்து வெளியே வந்த சுருளைக் கையால் அழுத்தாதீர்கள். லேசாகச் சிவக்கும்வரை சூடேற்றி, மின்சாரத்தை முழுதும் துண்டித்து, உடனே இடுக்கியால் மெல்ல ஒதுக்குங்கள். புதுக் கம்பியைச் சாமான் வைக்காமல், காற்றுப்படச் சில மணி நேரம் 1050 டிகிரியில் எரியவிட்டால் மேலே அலுமினா படலம் பிடிக்கும். ஆயுளைக் கூட்டுவது அந்தப் படலமே.

கம்பியை மாற்றும்போது அளவையும் கணக்கிடுங்கள். நைக்ரோம் இருந்த இடத்தில் அதே தடிமன், அதே நீளத்தில் ஏ-1 போட்டால் மின்தடை மூன்றில் ஒரு பங்கு கூடும். 3000 வாட் சூளை 2250 வாட்டாகிவிடும். 230 வோல்ட்டில் 3000 வாட்டுக்குச் சுமார் 17.6 ஓம் வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுங்கள்.