கலுங்கில் வலை கட்டலாமா?

கேள்வி: நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். மேட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரைத் தேக்க அப்பா காலத்தில் 12 அடி உயரத்துக்கு மண்கரை போட்டோம். நிறைந்தால் ஒன்றரை ஏக்கருக்குத் தண்ணீர் நிற்கும். கட்லாவும் ரோகுவும் விட்டிருக்கிறோம். போன மழையில் மறுகால் பாய்ந்தபோது பாதி மீன் போய்விட்டது. கலுங்கில் கம்பிவலை கட்டி, ஓரடிக்கு மணல்மூட்டையும் அடுக்கலாம் என்கிறான் தம்பி. லீவுக்கு மதுரையிலிருந்து வரும் பிள்ளைகள் அதில்தான் குளிக்கிறார்கள். கொடைக்கானல் போகிற வண்டிகள் இந்த வழியில் போவதால், படகு விட்டு நாலு கூடாரம் போடலாமா என்றும் யோசனை. கரையின் வெளிப்பக்கம் அடியில் ஓரிடம் மட்டும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
- வாசகர், நிலக்கோட்டை வட்டம்

பதில்: வலை வேண்டாம், மூட்டையும் வேண்டாம். மீதியைப் பிறகு பேசுவோம்.

உங்கள் தம்பி சொல்லும் யோசனையை அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெரும் பணக்காரர்கள் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். சவுத் ஃபோர்க் என்ற இடத்தில் இருந்த பழைய மண் அணையை மீன்பிடி மன்றம் ஒன்று வாங்கியது. கார்னகி, ஃப்ரிக் போன்ற தொழிலதிபர்கள் அதில் உறுப்பினர்கள். அணையின் உயரம் 72 அடி, நம் வைகை அணையின் முழு நீர்மட்டமான 71 அடியை ஒட்டி. வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலுங்கில் கம்பித் தட்டி வைத்தார்கள். அடியில் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்களை முந்தைய உரிமையாளரே பிடுங்கி விற்றிருந்தார். அவற்றைத் திரும்பப் போடவே இல்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் தட்டியில் குப்பையும் மரக்கட்டையும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் கரைமேல் ஏறி, அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் ஊரில் 2,209 பேர் செத்தார்கள்.

உங்களுடையது சின்னக் கரைதான். ஆனாலும் சராசரி ஆறடி ஆழம் என்றால், உள்ளே நிற்பது ஒரு கோடி லிட்டருக்கு மேல். கரை உச்சி கலுங்கு மட்டத்தைவிட மூன்றடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். அலைக்கு ஓரடி விட்டால், வெள்ளம் இரண்டடி உயரத்துக்கு வழியலாம். ஓரடி மூட்டை அடுக்கினால் மிஞ்சுவது ஓரடி. வழிகிற தண்ணீர் பாதியாகும் என்றுதான் கணக்குப் போடுவோம். உண்மையில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கிவிடும். மண்கரைமேல் தண்ணீர் ஏறி வழியத் தொடங்கினால் பின்சரிவை அறுத்துக்கொண்டே போகும். அப்புறம் மண்வெட்டியோடு ஓடிப் பயனில்லை. மீனைப் புரட்டாசியிலேயே பிடித்து விற்றுவிடுங்கள். மிச்சம் மீதி போனால் போகட்டும், கீழ்க்காட்டுக்காரர் குழம்பு வைக்கட்டும்.

ஈரம் எனக்கு அதைவிடக் கவலை. மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவது என்ன நிறம் என்பதுதான் கேள்வி. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்தால் அந்த இடத்தில் குச்சி நட்டு, ஈரம் பரவுகிறதா என்று வாராவாரம் பாருங்கள். அடியில் மண் படிந்தால் கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். உடனே மதகைத் திறந்து தண்ணீரைக் குறையுங்கள். பதறிப்போய் வெளியிலிருந்து களிமண்ணை அப்பி அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வேறு வழி தேடும். ஆற்றுமணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் கல் என்று பரப்பினால் தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும். அதுவும் தற்காலிகம்தான், வேளாண் பொறியியல் துறைப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். கரையில் சீமைக்கருவேலம் இருந்தால், தண்ணீர் நிற்கும்போது ஜேசிபி வைத்துப் பிடுங்க வேண்டாம். கோடையில் வேரோடு எடுத்து, குழியில் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து, அறுகு பிடிக்க விடுங்கள். எலி வளை, நண்டு வளைக்கும் இதே வைத்தியம்தான்.

பிள்ளைகள் விஷயம். கரை போட மண்ணை உள்பக்கத்திலேயே எங்காவது தோண்டியிருப்பீர்கள். அந்தப் பள்ளம்தான் ஆளை வாங்கும். முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளைக்கு அடுத்த எட்டில் தலை மூழ்கும். தண்ணீர் வற்றும்போது பள்ளத்தைச் சுற்றி மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். முடிந்தால் மேட்டை வெட்டிச் சரிவாக்குங்கள். மதகு திறந்திருக்கையில் யாரும் இறங்கக் கூடாது. அது காலை இழுக்கும். கரையில் முப்பதடிக் கயிறும், மூடி இறுக்கிய காலி இருபது லிட்டர் கேனும் எப்போதும் கிடக்கட்டும். ஒருவர் தத்தளித்தால் கேனைக் கயிற்றில் கட்டி எறிய வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போன செய்தியைத்தான் ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம். பக்கத்தில் யாராவது பாலித்தீன் விரித்த பண்ணைக்குட்டை வைத்திருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: பாசி பிடித்த அந்த வழுக்கலில் நீச்சல் தெரிந்தவராலும் ஏற முடியாது. நாலு பக்கமும் முடிச்சுக் கயிறு தொங்க வேண்டும்.

படகும் கூடாரமும்? 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும்தான் பார்க்கிறது. உங்கள் 12 அடிக் கரையைச் சோதிக்க அந்தச் சட்டப்படி எந்த அதிகாரியும் வரமாட்டார். அதற்காகப் பொறுப்பு போய்விடாது. அந்தக் காலத்தில் கார்வேட்டிநகரம் ஜமீன் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தியபோது, ரயில்வே கம்பெனி வழக்குப் போட்டது. 1874இல் அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஜமீன்தாரை விடுவித்தது. விவசாயத்துக்காகத் தொன்றுதொட்டு இருக்கும் ஏரிகளைப் பராமரிப்பது அவர் கடமை, அவரிடம் அலட்சியமும் இல்லை என்பதே காரணம். டிக்கெட் கிழித்துப் படகு விடுகிறவர் அந்த நிழலில் ஒதுங்க முடியாது. கலுங்கை அடைத்திருந்தால் அலட்சியம் இல்லை என்று வாதாடவும் வாய் வராது.

இன்னொன்று: அந்தச் சரிவு வருவாய்க் கணக்கில் ஓடை என்று இருக்கிறதா என வி.ஏ.ஓ.விடம் புலப்படத்தை வாங்கிப் பாருங்கள். ஓடைப் புறம்போக்காக இருந்தால் கரையே சட்டச் சிக்கல்.

கசிவின் காரணம் தெரியும்வரை படகு யோசனையைத் தள்ளிவையுங்கள். கூடாரம் போடுவதானால் மேட்டில் போடுங்கள். கரைக்குக் கீழே ஒன்றுகூட வேண்டாம்.