நாற்பது வயதில் யாழ்

மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரிக்குப் போயிருந்தால் வீணையைப் பார்த்திருப்பீர்கள். யாழைப் பார்த்ததுண்டா? பெயரை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் சங்ககாலப் பாணர் வாசித்த யாழ் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மரமும் தோலும் நரம்பும் மக்கிப் போகும் பொருள்கள் அல்லவா?

மறைந்த அக்கருவியைக் கணக்குப் போட்டு மீட்க முயன்றவர் விபுலாநந்த அடிகள். 1892இல் இலங்கையின் காரைதீவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகப் பி.எஸ்ஸி. பட்டதாரி, இளமையில் அறிவியல் ஆசிரியர். 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து, 1924இல் துறவு பூண்டார். யாழ் ஆராய்ச்சியில் முழுமூச்சாக இறங்கியபோது வயது நாற்பதை எட்டிவிட்டது. அதன்பின் ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் அதிலேயே உழைத்தார்.

அவர் கையில் இருந்தவை பாட்டும் உரையும்தாம். பொருநராற்றுப்படை யாழின் பத்தரை, அதாவது அடிக்குடத்தை, குளம்பு பதிந்த சுவட்டுக்கு ஒப்பிடுகிறது. சிலப்பதிகார உரை பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 என்று எண்ணிக்கை தருகிறது. எந்த நரம்பு எத்தனை அங்குலம்? அதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

வீணையில் மெட்டுகள் உண்டு. விரலால் அழுத்தி ஒரே தந்தியில் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். பழந்தமிழில் சுரத்துக்கே ‘நரம்பு’ என்ற பெயர் இருந்தது என்றால் பாருங்களேன்!

ஒரு சோதனை செய்வோம். பலகையில் மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். 60 செ.மீ. இடைவெளியில் அதன் அடியில் இரண்டு மரத்துண்டுகளைச் செருகி மீட்டுங்கள். அந்த ஒலியைக் ‘குரல்’ (சட்சமம்) என்று கொள்வோம். இழுவிசையை மாற்றாமல் அதிரும் நீளத்தை 45 செ.மீ. ஆக்கினால் ‘உழை’ (மத்திமம்) கேட்கும். 40 செ.மீ. என்றால் ‘இளி’ (பஞ்சமம்). 30 செ.மீ. என்றால் மேல் குரல். நீளம் குறையக் குறைய அதே விகிதத்தில் அதிர்வெண் கூடுகிறது. ஆனால் நிஜ யாழில் நரம்பின் பருமனும் இழுவிசையும் குறுக்கே வரும். இழுவிசையை நான்கு மடங்காக்கினால்தான் அதிர்வெண் இரு மடங்காகும். அதற்குள் நரம்பு அறுந்துபோகலாம்! ஆகவே நீளத்தை முதலிலேயே சரியாக வகுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல். குரலிலிருந்து இளி, அந்த இளிக்கு இளி என்று ஒவ்வொரு முறையும் 3/2 ஆல் பெருக்குங்கள். பன்னிரண்டு முறை பெருக்கினால் விடை 129.75 அளவில் வரும். ஏழு மடங்கு மேல் ஏறிய குரலோ, இரண்டை ஏழு முறை பெருக்கிய 128. இரண்டும் ஒட்டவில்லை. காதுக்குத் தெரியும் இந்த மிச்சத்தோடு இசைவாணர்கள் உலகெங்கும் போராடியிருக்கிறார்கள். அடிகளும் சுருதிகளை இத்தகைய பின்னங்களாலேயே ஆராய்ந்தார்.

விளைவு ‘யாழ் நூல்’. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் கணக்கின்படி செய்த கருவிகள் அங்கே ஒலித்தன. அப்போதே அடிகளின் உடல் தளர்ந்திருந்தது. ஜூலை 19இல் மறைந்தார்.

அவர் கண்டதுதான் பழைய யாழ் என்று அடித்துச் சொல்ல இயலாது. ஒப்பிட அசல் இல்லையே. அண்மை ஆண்டுகளில் சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞரும் யாழ் செய்து இசைத்துக் காட்டினார். அவரும் சங்கப் பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.